பாட்டுப் பெட்டிக்கும் அப்டேட் வருகிறது!

இப்போதெல்லாம் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கும் பாஸ்வேர்ட் வேண்டியிருக்கிறது. ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் இருந்த நாளில் சுவிட்சைப் போட்டோம், பாட்டு வந்தது. இன்று கம்ப்யூட்டர் வாங்கி, ஃபைபர் இணைப்பும் எடுத்துவிட்ட வீடுகளில் அடுத்து வந்து உட்காருவது மியூசிக் ஸ்ட்ரீமர் எனப்படும் சிறிய பெட்டி. வைஃபை மூலம் இண்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுத்து ஸ்பீக்கருக்குத் தருவது இதன் வேலை. ஸ்பீக்கருக்குள்ளேயே இந்தப் பெட்டி அடங்கிய மாடல்களும் உண்டு. வாங்கிய முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் "அப்டேட் செய்யப்படுகிறது, காத்திருக்கவும்" என்று போனில் செய்தி வரும். அதற்குப் பின் பெட்டி பேசாது.

இதில் யார் மீது தவறு? பெட்டி தயாரித்தவரா, இண்டர்நெட் தருபவரா, வீட்டில் ரௌட்டர் இருக்கும் இடமா? சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்பதால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள உறவினர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். அப்படிப் பார்த்த பெட்டிகளை வைத்துச் சொல்கிறேன். பாதிக்கு மேல் அப்டேட்டால் வந்த கோளாறே இல்லை. மீதியில், நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டிய கோளாறுகள் உள்ளன. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம்.

விழுப்புரத்தில் என் பெரியப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். அமெரிக்காவில் இருக்கும் அக்கா ஊருக்கு வந்தபோது ஒரு ஸ்ட்ரீமரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா போன் செய்தார். "தம்பி, அப்டேட் வந்து பாட்டையே எடுத்துட்டுப் போயிடுச்சுப்பா." போய்ப் பார்த்தேன். பெட்டியில் விளக்கு எரிகிறது. போனில் இண்டர்நெட் நன்றாக வருகிறது. ஆனால் போனில் உள்ள அப்ளிகேஷன் "சாதனம் கிடைக்கவில்லை" என்கிறது.

அந்த வீட்டில் இரண்டு ரௌட்டர்கள். ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெட்டியிலேயே வைஃபை இருக்கிறது. அதோடு, பழைய இணைப்பின் போது வாங்கிய ரௌட்டரையும் "சும்மா ஏன் கிடக்கணும்" என்று அதன் பின்னால் மாட்டி வைத்திருந்தார்கள். இரண்டும் இரண்டு பெயரில் வைஃபை தருகின்றன. ஸ்ட்ரீமரில் இரண்டின் பாஸ்வேர்டும் பதிவாகி இருந்தது. அப்டேட் முடிந்ததும் பெட்டி தானாக அணைந்து மீண்டும் இயங்கியது. இயங்கியபோது முன்பு இருந்த வைஃபையை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டது. போன் ஒரு தெருவில், பெட்டி அடுத்த தெருவில். "இங்கே பாட்டுப் பெட்டி யாராவது இருக்கிறீர்களா?" என்று போன் கூப்பிடும் குரல் அதன் சொந்த நெட்வொர்க்குக்குள் மட்டுமே கேட்கும். ரௌட்டரைத் தாண்டாது. அதனால்தான் "கிடைக்கவில்லை".

பழைய ரௌட்டரைக் கழற்றினேன். ஸ்ட்ரீமர் தானாக மற்றதில் இணைந்து பாடத் தொடங்கியது. பெரியப்பா இன்றுவரை அப்டேட்டைத்தான் குறை சொல்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி இருக்கிறதா என்று கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட் பிரிவைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் ப்ராப்பர்டீஸ் என்பதில் கிளிக் செய்திடவும். கீழே வந்தால் ஐபிவி4 முகவரி என்று நான்கு எண்கள் புள்ளியிட்டுக் காட்டப்படும். எடுத்துக்காட்டாக 192.168.1.5 என்று இருக்கலாம். ஸ்ட்ரீமரின் முகவரி அதன் அப்ளிகேஷனில் "அபவுட்" பகுதியில் இருக்கும். அது திறக்க மறுத்தால், ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் தேடவும். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் கோளாறு அங்கேதான். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் பெட்டி இணைந்திருந்தாலும் இதே கதைதான். அந்த நெட்வொர்க்கில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே தடுத்து வைத்திருப்பார்கள்.

அடுத்து, பாட்டு விட்டுவிட்டு வருவது. இதற்கு நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், இண்டர்நெட் நிறுவனத்துக்குப் போன் செய்து அதிக வேகப் பிளானுக்கு மாறுவது. வேண்டாம். கணக்கைப் பாருங்கள். நல்ல தரத்தில் வரும் ஸ்ட்ரீமிங் பாட்டுக்கு விநாடிக்கு 320 கிலோபிட் போதும். ஆடியோ சிடியின் தரத்தில் அப்படியே அனுப்பினாலும் சுமார் 1,411 கிலோபிட், அதாவது ஒன்றரை மெகாபிட் கூட இல்லை. உங்கள் பிளான் 40 மெகாபிட் என்றால், ஒரே நேரத்தில் நூறு பெட்டிகள் 320 கிலோபிட் பாட்டை வாங்கலாம். தினம் மூன்று மணி நேரம் கேட்டாலும் அரை ஜிபிக்குள்தான் வரும். ஆகவே, வேகத்துக்காகப் பணம் கட்டும் முன் ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள்.

நம் வீடுகளில் அது வாசல் அருகே, ஒயர் உள்ளே நுழையும் மூலையில் இருக்கும். அல்லது டிவி ஸ்டாண்டின் பின்னால். பாட்டுப் பெட்டி சமையலறையில் அல்லது பூஜை அறைப் பக்கம். நடுவில் இரண்டு செங்கல் சுவர்கள், கம்பி போட்ட ஒரு கான்கிரீட் தளம், அதோடு ஒரு இரும்பு பீரோ. வைஃபை அலைக்கு இரும்பு எமன். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் பாட்டு தடுமாறினால் காரணம் அதுதான். அந்த அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன. இந்த 2.4 சுவரைத் தாண்டிப் போவதில் கெட்டிக்காரன். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பாட்டுக்கு வேகம் தேவையில்லை என்று மேலே பார்த்தோம். எனவே தூரத்து அறையில் உள்ள ஸ்ட்ரீமரை 2.4இல் இணைப்பதே சரி. ஒரே ஹாலில் இருந்தால் 5. அடுக்கு வீடுகளில் அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் 2.4இல் முட்டிக்கொண்டால், ரௌட்டர் செட்டிங்ஸில் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். இவை மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று விழாதவை.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால் ஒரு சிறப்புக் கவனம் தேவை. இங்கே 13ஆம் சேனல் வரை பயன்படுகிறது. அமெரிக்காவில் விற்கும் சாதனங்கள் வழக்கமாக 11ஆம் சேனலோடு நின்றுவிடும். ரௌட்டர் தானாக 13ஐத் தேர்ந்தெடுத்த அன்று, வைஃபையின் பெயரே பெட்டிக்குத் தெரியாது. நேற்று வந்தது, இன்று வரவில்லை, நாளை மீண்டும் வரும். பேய் பிடித்தது போல் நடந்துகொள்ளும் சாதனங்களில் இதுவும் ஒரு காரணம். புது ரௌட்டர் வாங்கியதும் பழைய பெட்டி இணைய மறுத்தால், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருக்கிறதா எனப் பார்த்து, டபிள்யூபிஏ2உம் சேர்ந்த முறைக்கு மாற்றவும்.

இனி அப்டேட் விஷயம். இங்கே நிறுவனங்களோடு எனக்குச் சண்டை உண்டு.

இந்தப் பெட்டிகள் பலவும், வீட்டார் தூங்கும் நேரத்தில் தானாக அப்டேட் செய்துகொள்ளும்படி அமைக்கப்பட்டவை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி, மூன்று மணிக்கு. இதை வடிவமைத்தவருக்கு நம் வீட்டுப் பழக்கம் தெரியாது. படுக்கப் போகும் முன் சுவிட்ச் போர்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். கரண்ட் பில் ஒரு காரணம், இடி மின்னல் பயம் இன்னொரு காரணம். இரண்டுமே நியாயமானவை. அதனால் என்ன ஆகிறது? இரவில் வர வேண்டிய அப்டேட் எல்லாம் தேங்கி, காலையில் சுவிட்சைப் போட்டு ஒரு பக்திப் பாடல் கேட்கலாம் என்று நினைக்கும்போது வந்து நிற்கிறது. ஐந்து நிமிடம் பொறுப்பார்கள். பிறகு, "என்னடா இது" என்று சுவிட்சை அணைத்துப் போடுவார்கள். அப்டேட் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனால் சில பெட்டிகள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

நல்ல பெட்டி என்றால் இதற்கும் வழி வைத்திருக்கும். உள்ளே நினைவகத்தை இரண்டாகப் பிரித்து, பழைய சாப்ட்வேரை ஒரு பாதியில் அப்படியே வைத்துக்கொண்டு, புதியதை மறுபாதியில் எழுதும். முழுவதும் எழுதி, சரி பார்த்த பிறகுதான் புதியதற்கு மாறும். நடுவில் மின்சாரம் போனால் பழையதிலேயே எழும். இதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் நினைவகம் தேவை, அவ்வளவுதான். விலையில் சில ரூபாய் குறைக்க இதை விட்டுவிடும் நிறுவனங்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று பகலில் மின்சாரம் நிறுத்தப்படுவது எல்லாருக்கும் தெரியும். நாளிதழில் உங்கள் பகுதியின் பெயர் வந்திருக்கும் நாளன்று காலையில் எந்த அப்டேட்டையும் தொடங்க வேண்டாம். மற்ற நாட்களில், வாரத்தில் ஒரு இரவு ரௌட்டரையும் ஸ்ட்ரீமரையும் அணைக்காமல் விட்டுவிடுங்கள். தேங்கிய அப்டேட் எல்லாம் அந்த இரவில் முடிந்துவிடும். ரௌட்டருக்கென்று கிடைக்கும் மினி யூபிஎஸ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியானால் அப்டேட்டை நிறுத்தியே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. 2016இல் மிராய் என்ற வைரஸ், பாஸ்வேர்ட் மாற்றாமல் கிடந்த வீட்டுக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்துக்கொண்டு, அந்த அக்டோபரில் பல பெரிய இணைய தளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. இண்டர்நெட்டில் இருக்கும் எந்தப் பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட் வேண்டும்.

ஆனால் வசதியைப் பறிக்கும் அப்டேட்? அமெரிக்காவின் சோனோஸ் நிறுவனம், வீட்டில் பல அறைகளில் பாட்டு தரும் ஸ்பீக்கர்களுக்குப் பெயர் போனது. 2024 மே மாதம் தன் அப்ளிகேஷனை முழுவதும் புதிதாக மாற்றி வெளியிட்டது. முன்பு இருந்த அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற வசதிகள் அதில் இல்லை. ஸ்பீக்கர்கள் கண்ணில் படாமல் போயின. பழைய அப்ளிகேஷனையே திரும்பத் தாருங்கள் என்று வாங்கியவர்கள் கெஞ்சினார்கள், அது முடியவில்லை. தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவியை விட்டு விலகினார். நான் வேலை செய்யும் இடத்தில், ஒரு அப்டேட்டை முதலில் நூற்றில் ஒருவருக்குக் கொடுத்து, புகார் வராவிட்டால் பத்துப் பேருக்கு, பிறகு எல்லாருக்கும் என்று படிப்படியாக விடுவோம். திரும்பிப் போக வழி வைக்காமல் கதவைத் திறப்பதில்லை. இது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. எங்கள் தொழிலில் பொதுவாக உள்ள பழக்கம்தான்.

இன்னொரு வகையும் உண்டு. 2025 மார்ச் 9ஆம் தேதி வாக்கில், உலகம் முழுவதும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட், குரோம்காஸ்ட் ஆடியோ ஆகிய கூகுள் சாதனங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்ய மறுத்தன. வைரஸ் அல்ல, வைஃபையும் அல்ல. "நான் உண்மையான குரோம்காஸ்ட்தான்" என்று அந்தச் சாதனம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் வரிசையில் ஒன்று, பத்தாண்டு முடிந்து காலாவதியாகிவிட்டது. ஓட்டுநர் உரிமம் காலாவதியானால் வண்டி நன்றாக இருந்தும் ஓட்ட முடியாது அல்லவா, அதுபோல. சில நாட்களில் கூகுள் அப்டேட் மூலம் சரி செய்தது. அதற்கு முன் அந்நிறுவனம் சொன்ன அறிவுரைதான் முக்கியம்: ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்கள், சாதனத்தை மீண்டும் அமைக்க முடியாமல் மற்றவர்களைவிட அதிக நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் எதற்கெடுத்தாலும் "ரீசெட் அடி" என்று சொல்பவர்கள் அதிகம். என் கருத்து இதற்கு நேர்மாறானது. முதலில் ரௌட்டரை அணைத்துப் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு ஸ்ட்ரீமரை அரை நிமிடம் ஒயரை உருவி வைத்துவிட்டு மீண்டும் மாட்டுங்கள். போனில் உள்ள அப்ளிகேஷனையும் அப்டேட் செய்திடவும். பெட்டி புதிது, அப்ளிகேஷன் பழையது என்றால் இரண்டும் பேசிக்கொள்ளாது. நெட்வொர்க் ஒன்றுதானா எனப் பாருங்கள். எதற்கும் மசியவில்லை என்றால், அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அன்றே கோளாறு வந்ததா என்று இண்டர்நெட்டில் தேடவும். எல்லாருக்கும் வந்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருப்பதுதான் வைத்தியம். ரீசெட் கடைசி. அதற்கு முன் வைஃபை பாஸ்வேர்டையும், பாட்டுச் சேவையின் பயனர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளவும். (வீட்டில் பாதிப் பேருக்கு வைஃபை பாஸ்வேர்ட் தெரியாது. பையன் போட்டுக் கொடுத்ததாக இருக்கும். பையன் பெங்களூருவில் இருப்பான்.)

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் திரும்பிய பிறகும் ஃபைபர் வரவில்லை. அந்த நாட்களில் ஸ்ட்ரீமர் வெறும் மேசை அலங்காரம். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் சரிகம நிறுவனத்தின் கேரவானில் பழைய பாடல்களைப் போட்டுக்கொண்டிருந்தார். 2017இல் சந்தைக்கு வந்த அந்தப் பெட்டியில் 5,000 பாடல்கள் உள்ளேயே பதிவாகி இருக்கும். தமிழ்ப் பாடல்களுக்கென்றே தனிப் பெட்டியும் உண்டு. வைஃபை வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம். படித்தவர்கள் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதை வடிவமைத்தவருக்கு வாங்குபவர் யார் என்று தெரிந்திருந்தது என்பதே என் எண்ணம்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கு அதைவிடப் பெரிய வசதி உண்டு. ஸ்லிம் டிவைசஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமரை, 2006இல் லாஜிடெக் வாங்கியது; 2012இல் அந்த வரிசையை நிறுத்திவிட்டது. அதன் இணையச் சேவையும் 2024இல் மூடப்பட்டது. ஆனால் அந்தப் பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. காரணம், பாட்டை அனுப்பும் சர்வர் புரோகிராமை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இன்ஸ்டால் செய்யலாம். அதன் சோர்ஸ் கோட் திறந்து கிடப்பதால் ஆர்வலர்கள் லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இலவசமாகத் தொடர்ந்து மேம்படுத்தி வருகிறார்கள். உங்களிடம் உள்ள பாட்டு சிடிக்களை ஹார்ட் டிஸ்க்கில் பைல்களாக மாற்றி வைத்துக்கொண்டால், இண்டர்நெட் இல்லாத நாளிலும் ரௌட்டர் மட்டும் ஓடினால் போதும். ரௌட்டரும் இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்தத் தேதியை மைக்ரோசாப்ட் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. தயாராக அவகாசம் இருந்தது. பாட்டுப் பெட்டிக்கு அப்படி ஒரு தேதி எங்கே? போஸ் நிறுவனம் 2013இல் அறிமுகம் செய்த சவுண்ட்டச் வரிசைக்கு, 2026 பிப்ரவரியோடு இணையச் சேவை நின்றுவிடும் என்று 2025 அக்டோபரில் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்த பிறகு தேதியைத் தள்ளிவைத்து, வெளியார் புரோகிராம் எழுதிக்கொள்ளத் தேவையான தொழில்நுட்ப விவரங்களையும் வெளியிட்டது. கொதித்தால்தான் கொடுப்பார்கள் போலும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இண்டர்நெட்டில் இணையும் வீட்டுச் சாதனங்களுக்குக் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்று தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும், சட்டம். மருந்து அட்டையிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் காலாவதித் தேதி கேட்டுப் பழகிய நாம், பல ஆயிரம் ரூபாய் பெட்டியில் அதைக் கேட்பதில் என்ன தவறு?

அதுவரை, விழுப்புரமோ திண்டிவனமோ, கடையில் பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இண்டர்நெட் இல்லாதபோது இது பாடுமா? ஆக்ஸ் ஒயர், யூஎஸ்பி, புளூடூத் இவற்றில் ஏதாவது ஒன்றாவது உண்டா? சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்? பதில் தெரியாமல் கடைக்காரர் விழித்தால் அடுத்த மாடலைப் பாருங்கள். பில்லில் மாடல் எண்ணும் தேதியும் தெளிவாக இருக்கட்டும். வாரண்டி காலத்திலேயே அப்டேட் ஆகும்போது பெட்டி செத்துப்போய், "நீங்கள்தான் கரண்டை அணைத்தீர்கள்" என்று கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துத் தமிழிலேயே புகார் பதிவு செய்திடலாம். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விழுப்புரத்திலேயே இருக்கிறது. அங்கே போகும்போது அந்த பில்லோடு, போனில் வந்த அப்டேட் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டும் எடுத்துச் செல்லுங்கள்.